ஒன்பதரைப் பேரும் ஒரு அல்சாவும்

வெள்ளி இரவு, புறப்படும் முன்

சாமான் கட்டி முடித்தாயிற்று. சக்கர நாற்காலி மடித்தபடி வாசலில் சாய்ந்து நிற்கிறது. அப்பாயியைத் தவிர எல்லோரும் படுத்துவிட்டார்கள். அவர் கைப்பையைத் திறந்து மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 82 வயது. கடைசியாக எப்போது ரயில் ஏறினீர்கள் என்று கேட்டால், "உங்க தாத்தா இருந்தப்ப" என்பார். தாத்தா போய் 27 வருடம் ஆகிறது.

நாளையிலிருந்து மூன்று நாள். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஏறி தைப்பிங், அப்புறம் பினாங்கு, திரும்பும் வழியில் கோலகங்சார். தூரத்தைக் கணக்குப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஈப்போக்காரர்கள் காலையில் காடியை (காரை) எடுத்து, பினாங்கில் மதியம் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரம்தான். அதற்கு நாங்கள் மூன்று வாரம் திட்டம் போட்டோம்.

காரணம், நாங்கள் ஒன்பதரைப் பேர். அப்பாயி, அப்பா, அம்மா, நான், என் வீட்டுக்காரர், இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும் மகள், தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகன், தம்பி, அவன் மனைவி. அரை என்பது அவர்களுடைய பதினான்கு மாதப் பயல். தம்பியிடம் ஒரு அல்சா காடி இருக்கிறது, ஏழு இருக்கை. கைக்குழந்தைக்குத் தனி இருக்கை பூட்டவேண்டும் என்று 2020-லிருந்து சட்டம். ஆக, அரை ஆளுக்கு ஒரு முழு இடம் போய்விடும். பின்வரிசையை நிமிர்த்தினால் சாமானுக்கு இடமில்லை, மடக்கினால் ஆளுக்கு இடமில்லை.

"ரெண்டு காடியில போயிடலாம். இதுக்கு எதுக்கு மாநாடு?" என்றார் அப்பா. அவருக்கு எல்லா ஊரும் ஒரே மிதியில் போய்ச் சேரவேண்டிய ஊர். எங்களிடம் ஒரு மைவி இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காடியில் மடங்கி உட்கார்ந்தால் அப்பாயிக்கு முட்டி பூட்டிக்கொள்ளும். அப்புறம் இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் கழிவறை. நெடுஞ்சாலை ஓய்விடம் நமக்கு அவசரமான இடத்தில் வராது. அது வரும்போது நமக்கு அவசரம் இருக்காது. ரயிலில் கழிவறை கூடவே வருகிறது, எழுந்து நாலு எட்டு நடக்கவும் முடியும். இதைச் சொன்னதும் அம்மா என் பக்கம் சாய்ந்துவிட்டார். மாநாடு கலைந்தது.

அப்பாயி, அம்மா, நான், பிள்ளைகள் இருவர் ரயிலில். தம்பி குடும்பமும் என் வீட்டுக்காரரும் மூட்டை முடிச்சும் காடியில். அப்பாவும் காடியில்தான், வழி சொல்ல ஆள் வேண்டுமாம்.

திட்டம் போட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் ஊர் பெயர் எதையும் எழுதவில்லை. ஒரு தாளில் மணிக்கணக்கை மட்டும் எழுதினேன். அப்பாயியின் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் காலை ஏழரை, மதியம் பன்னிரண்டரை, இரவு ஏழரை. குழந்தை தூங்குவது பத்து முதல் பதினொன்றரை வரை. அப்பாயி சாய்வது இரண்டு முதல் மூன்றரை வரை. மகனுக்குப் பசி எந்நேரமும், அதனால் எழுதவில்லை. இதையெல்லாம் கறுப்படித்த பிறகு மிச்சமிருந்த வெள்ளைக் கட்டங்களில்தான் பயணத்தை நுழைத்தேன். இப்படிப் பார்த்ததும் ஈப்போ, கெமரன் மலை எல்லாம் தாமாகவே உதிர்ந்துவிட்டன. தைப்பிங்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் இன்னொரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளைக்கு ஒரு ஊர், ஒரு ஊருக்கு ஒரு இடம். மகள் பதினொரு இடம் எழுதிக்கொண்டு வந்தாள், ஒன்பதை அடித்தேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

எங்கள் ஊரில் எல்லா இடிஎஸ் (விரைவு மின்சார ரயில்) வண்டியும் நிற்காது. நிற்கிற சிலதில் நமக்குத் தோதான நேரம் ஒன்றோ இரண்டோதான். மலேசியா தினமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்ததால் மூன்று வாரத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டேன். மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அம்மாவுக்கு அறுபது ஆகிவிட்டது என்பதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. விலை வித்தியாசத்தைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

தங்கும் இடத்துக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டேன். குளியலறை வாசலில் படி இருக்கிறதா? உட்காரும் கழிவறைதானா? காலைச் சாப்பாடு, இணைய வசதி எதுவும் கேட்கவில்லை. பதில் சொன்ன பெண், "உங்க பாட்டிக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறேன் என்று தோன்றியது.

சனி இரவு, தைப்பிங்

முதல் நாளே திட்டம் ஓட்டை விட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய்விட்டோம். அப்பாயி மஞ்சள் சேலை, தலையில் கனகாம்பரம், கையில் ஊன்றுகோல். பழைய நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டியதை அவர் இன்றுதான் உள்ளே வந்து பார்க்கிறார். மின்தூக்கி, மேம்பாலம், கண்ணாடி. "இது நம்மூரு டேசன் மாதிரியே இல்லையே" என்று ஒரு சந்தேகத்தோடுதான் ஏறினார்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் இரண்டு விஷயத்தால் தெரியும். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். அப்புறம், 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக வெள்ளைக்காரத் துரைகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட, நாட்டில் அவசரகாலம் பிறந்த ஊர். மகளின் சரித்திரப் பாடத்தில் இது வருகிறது. அப்பாயிக்கு அப்போது ஐந்து வயது. துரைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் நினைவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி அடித்ததும், இருட்டிய பிறகு வாசல் தாண்டியதற்கு அம்மாவிடம் அடி வாங்கியதும் நினைவிருக்கிறது. ரயில் ஊரைத் தாண்டும்போது ஜன்னல் முழுக்கச் செம்பனை. "இதெல்லாம் பால்மரம் நின்ன இடம்" என்றார், ரப்பர் மரத்தைத்தான் சொல்கிறார். இரண்டு நிமிடம் கழித்து, "இதுவும்." அப்புறம், "இதுவும்தான்." மகன் எதிர் வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டான்.

பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் சுரங்கம். 3.3 கிலோமீட்டர். இரட்டைத் தண்டவாளம் போட்டபோது மலையைக் குடைந்து செய்தது, அப்போது தென்கிழக்காசியாவிலேயே நீளமான ரயில் சுரங்கம் என்று சொன்னார்கள். உள்ளே ரயில் போகிற வேகத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லை. அப்பாயி மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். பழைய பாதையில் குட்டிக் குட்டியாக நாலு சுரங்கம் இருந்ததாம். கரி வண்டிக் காலத்தில் ஜன்னலை இழுத்து அடைக்காவிட்டால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏறினவர் கறுப்பு வேட்டியோடு இறங்குவாராம். குளிர்சாதனப் பெட்டிக்குள் உட்கார்ந்து மூக்கை மூடியிருந்தவரைப் பார்த்து எதிரே இருந்த சீனக் கிழவர் சிரித்துவிட்டு, தன் மூக்கையும் மூடிக் காட்டினார். அவருக்கும் அந்த வயது இருக்கும்.

தைப்பிங்கில் இறங்கியதும்தான் எனக்கு உறைத்தது. மாத்திரைப் பை காடியில் இருக்கிறது.

மூன்று வாரம் தாளில் கறுப்படித்த மகராசி நான். மாத்திரை நேரத்தை எழுதினேனே தவிர, மாத்திரை யாரோடு போகிறது என்று எழுதவில்லை. எல்லாப் பையையும் ஒன்றாக அடுக்கி, தம்பியின் காடியில் ஏற்றியவளும் நானேதான். தம்பிக்குப் போன் போட்டால், சங்காட் ஜெரிங் பக்கம் நெரிசலில் நிற்கிறான். பின்னால் குழந்தை வாந்தி எடுத்து, அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா பக்கத்திலிருந்து, "நான் அப்பவே பழைய ரோட்டுல போகச் சொன்னேன்" என்பதும் கேட்டது.

மணி பன்னிரண்டரை ஆனது. அப்பாயி சாப்பாட்டைத் தொட மாட்டேன் என்கிறார். "மாத்திர போடாம சோறா? மிஸ்ஸி ஏசும்." கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னது அவருக்கு வேதம். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றில் இருப்பதும் தப்பு என்று சொன்னால், "அத மிஸ்ஸி சொல்லல" என்கிறார். கடைசியில் அந்தக் கிளினிக்குக்கே போன் போட்டேன். எடுத்த தாதி அப்பாயியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒரு நிமிடம் பேசினார். என்ன சொன்னாரோ தெரியாது. அப்பாயி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக நாலு பிஸ்கட்டும் பாதி வாழைப்பழமும் சாப்பிட்டார். ஒன்று நாற்பதுக்குக் காடி வந்தது. மாத்திரை, சோறு, தூக்கம் எல்லாம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போயின.

இதனால் அடிபட்டது மகனின் விலங்குக்காட்சி சாலை. தைப்பிங்கில் வெட்டுப்படாமல் இருந்த ஒரே இடமும் போய்விட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலரை மணிக்கு மேல் எல்லோரும் ஏரிப் பூங்காவுக்கு மட்டும் போனோம். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளை 1880-இல் பூங்காவாக்கினார்களாம். ஏரிக்கரைச் சாலையில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகள் சாலையைத் தாண்டி வளைந்து தண்ணீரைத் தொடப் பார்க்கின்றன. நூறு வயதுக்கு மேல் இருக்கும். போய்ப் பத்து நிமிடத்தில் மழை. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. இன்றைக்குப் பெய்யுமா பெய்யாதா என்று பந்தயம் கட்டுவது இந்த ஊரில் ஒரு பழைய விளையாட்டு. அந்த ஊரில் திறந்தவெளி இடத்தைச் சாயங்காலத்துக்கு வைத்ததும் என் திட்டம்தான்.

கூரைக்கடியில் ஒதுங்கி நின்றோம். அப்பாயி சக்கர நாற்காலியில். மடியில் குழந்தை. மழையைப் பார்த்து அது கை தட்ட, அவரும் தட்டினார். "இந்நேரத்துக்கு மழ புடிச்சா நாளைக்கு வெட்டு இல்ல" என்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைத்தான் சொல்கிறார். பட்டை நனைந்திருந்தால் பால் மங்கு என்கிற கோப்பைக்குள் இறங்காது, மரத்தோடு வழிந்துவிடும். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆனாலும் மழை வந்தால் சந்தோஷமாக இருக்குமாம், விடிகாலை நாலரைக்குப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து போகவேண்டாமே. மகன் அந்த நேரத்தில் புலியை மறந்து, "வெட்டு இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். பதில் நீளமாகப் போனது. மழையும் நின்றது.

மாத்திரைப் பை இப்போது அப்பாயியின் கைப்பைக்குள், மைகார்டுக்குப் பக்கத்தில்.

ஞாயிறு இரவு, பினாங்கு

விடிந்தபோது அப்பாவையும் தம்பியையும் காணவில்லை. காடியையும் காணவில்லை. ஒன்பதுக்கு வந்து சேர்ந்தார்கள், சட்டையில் மீன் வாடையோடு. கோலா செப்பெத்தாங் போய் வந்தார்களாம். பழைய பெயர் போர்ட் வெல்ட். நான் அடித்த ஒன்பது இடங்களில் ஒன்று.

மலாயாவின் முதல் ரயில் ஓடியது அங்கேதான். 1885 ஜூன் 1, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறத்தாழ 13 கிலோமீட்டர். லாருட் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை, போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த ஆட்கள். தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. அப்பா போனில் படம் காட்டினார். ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், அப்புறம் தமிழ். "பாத்தியா, தமிழ்ல போட்டிருக்கான்" என்று வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டுகிறார். ரயில் வேண்டாம், காடிதான் வேண்டும் என்று மூன்று வாரம் சண்டை போட்ட மனிதர் இவர். மகள் என்னைப் பார்த்து, "தாத்தாவுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா இடமா?" என்றாள். நாலாவது நாளில் பேச்சு வந்தது, அதுவும் குற்றப்பத்திரிகையாக.

இன்று கொமுட்டர் ரயில். இடிஎஸ் மாதிரி இருக்கை எண் கிடையாது, எல்லா நிலையத்திலும் நிற்கும், கட்டணம் குறைவு. இருக்கை கிடைக்குமா என்பதுதான் என் ஒரே பயம். சக்கர நாற்காலியைக் கண்டதும் பையன்கள் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவன் காதில் பாட்டு மாட்டியிருந்தான், தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அப்படியே எழுந்து நகர்ந்து நின்றான்.

கமுந்திங் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில் தண்ணீர்மேல் ஏறிவிட்டது. புக்கிட் மேரா ஏரி. இரு பக்கமும் ஏரி, நடுவில் தண்டவாளப் பாலம். ஜன்னலிலிருந்து கீழே பார்த்தால் கரையே தெரியாது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா பேச்சை நிறுத்துவது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சம்பவம். இது தானாக உண்டான ஏரி அல்ல. கிரியான் வட்டாரத்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் விட 1906-இல் கட்டி முடித்த அணை. அதன் பலனை அடுத்த கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பாகான் செராய் வந்ததும் செம்பனை விலகி, வானம் வரைக்கும் வயல்.

அப்பாயி எழுந்து நிற்கவேண்டும் என்றார். நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பாரிட் புந்தார் வரை நின்றபடியே பார்த்தார். அவருடைய அம்மா ஊரில் நாற்று நட்ட கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். கதையில் வந்த வயல் மனதில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்ததோ மரம், மரம், மரம். "எங்கம்மா சொன்னது இவ்ளோ பெருசு இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முட்டி வலித்ததாகச் சொல்லவில்லை. ராத்திரி தைலம் தேய்க்கும்போதுதான் தெரிந்தது.

பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகுத் துறைக்கு நடை நீளம். கூரை போட்ட பாதை, சக்கர நாற்காலிக்குச் சிரமமில்லை, ஆனால் வயதானவர்களை நடத்திக் கூட்டிப்போக நினைக்காதீர்கள். முன்பெல்லாம் காடியும் படகில் ஏறும். அப்பா எங்களைச் சின்ன வயதில் அப்படித்தான் கூட்டிப்போனார், நங்கூரச் சங்கிலி சத்தத்துக்கு நான் அழுததாகச் சொல்வார். 2023-இல் வந்த புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். அதனால் காடிக்காரர்கள் பாலத்தில் சுற்றி வந்தார்கள். 1985-இல் திறந்த பாலம், 13.5 கிலோமீட்டர், போகிற பக்கம் அவ்வளவு நெரிசல். நாங்கள் கால் மணி நேரத்தில் கடலைத் தாண்டி, அவர்கள் வருவதற்கு ஐம்பது நிமிடம் முன்பே அறையில் காலை நீட்டிவிட்டோம். அப்பா உள்ளே நுழைந்ததும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏழரைக்குச் சரியாக மாத்திரை. அப்புறம் நாசி கண்டார். இதைத்தான் இன்று எழுதவேண்டும் என்று நினைத்தேன், மற்றதெல்லாம் முந்திக்கொண்டது.

கடையில் கூட்டம். மகள், "கண்டார்னா என்ன?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் விளக்கினார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு கம்பு வைத்து, ஒரு நுனியில் சோற்றுப் பானை, மறு நுனியில் குழம்புப் பானை தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்பார்கள். தோள் கம்பில் சுமப்பதற்கு மலாயில் கண்டார் என்று பெயர். அப்பாயி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"காண்டாவா? நம்ம காண்டாவாளியா?"

அதேதான். பால்மரத் தோட்டத்தில் வெட்டி முடித்த பாலை இரண்டு வாளியில் ஊற்றி, கம்பின் இரு முனையில் மாட்டிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார்கள். அந்த வாளிதான் காண்டாவாளி. எங்கள் வீட்டில் இந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நாசி கண்டாரையும் ஆயிரம் தடவை சாப்பிட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்பாயி சோற்றுக் கையோடு, இடது கையால் சேலையை விலக்கி, வலது தோளைக் காட்டினார். கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தடிப்பு. "தொட்டுப் பாரு." மகள் தொட்டாள். அதற்குப் பிறகு மகள் எந்த இடத்தைப் பற்றியும் புகார் சொல்லவில்லை. கறி ஊற்ற வந்த பையனிடம் அப்பாயி, "நீங்க சோறு தூக்குனீங்க, நாங்க பாலு தூக்குனோம்" என்றார். அவன் பங்களாதேசிப் பிள்ளை, ஒன்றும் புரியாமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனான்.

திங்கள் இரவு, வீட்டில்

காலை ஏழுக்கே தண்ணீர்மலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. பிள்ளைகளும் தம்பி மனைவியும் என் வீட்டுக்காரரும் ஏறினார்கள். நானும் பாதி ஏறினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பாயி அடிவாரத்தில் நின்றே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வருத்தமா என்று கேட்டேன். "எத்தன தடவ ஏறியிருக்கேன். அவனுக்கு என்னையத் தெரியும்" என்றார். தைப்பூசத்துக்குத் தோட்டத்திலிருந்து லாரி பிடித்து வருவார்களாம். அப்போது மேலே இருந்தது சின்னக் கோயில், படி இவ்வளவு வழவழப்பாக இருக்காது.

திரும்பும் வழிக்குத்தான் எனக்கு மண்டை காய்ந்தது. கோலகங்சாரில் அந்தப் பழைய ரப்பர் மரத்தைப் பார்க்கவேண்டும் என்பது மகனின் கோரிக்கை. விலங்குக்காட்சி சாலையை இழந்தவன், மறுக்க முடியவில்லை. மரம் ஊருக்குள் இருக்கிறது, ரயிலில் போய் இறங்கி ஏறுவதென்றால் நேரம் ஒத்துவராது. அதனால் ஆட்களை மாற்றினோம். அல்சாவின் பின்வரிசையை நிமிர்த்தி, அப்பாயி, அப்பா, நான், மகன், தம்பி, அவன் மனைவி, குழந்தை. ஏழு இடமும் நிரம்பியது. சாமான் அத்தனையும் சக்கர நாற்காலியும் ரயிலுக்கு. என் வீட்டுக்காரர் பைகளை நாற்காலியில் உட்கார வைத்துக் கயிறு கட்டித் தள்ளிக்கொண்டு போனார். அம்மாவும் மகளும் வெறுங்கையோடு பின்னால் நடந்தார்கள். நான் போட்ட திட்டங்களிலேயே அழகானது இதுதான்.

கூனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் நிறுத்தினோம், அப்பாயிக்கு அவசரம் இருந்ததோ இல்லையோ. வாய்ப்பு வரும்போது போய்விடவேண்டும், இது தாளில் எழுதாத விதி. சாப்பாடு, மாத்திரை அங்கேயே. நெரிசல் இல்லை.

கோலகங்சாருக்குள் நுழைந்தபோது இரண்டே கால். அப்பாயி தூங்கும் நேரம். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் காடியை நிறுத்தினான் தம்பி. அங்கேதான் அந்த ரப்பர் மரம். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 கன்று வந்தது. அதில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். மிஞ்சி நிற்பது இது ஒன்று. பிரேசில் காட்டு மரத்தின் பிள்ளை. இந்த மரத்தாலும் இதன் கூடப்பிறந்தவைகளாலும்தான் எங்கள் முப்பாட்டன் கப்பல் ஏறினான்.

"மரத்தப் பாக்கவா இவ்ளோ தூரம்? நான் பாக்காத மரமா?" என்று காடிக்குள்ளேயே சாய்ந்துகொண்டார் அப்பாயி. மகன் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தான். சக்கர நாற்காலியோ ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது. ஊன்றுகோலை ஊன்றி, அப்பாவின் தோளைப் பிடித்து, அவரே நடந்தார்.

மரத்தடிக்கு வந்ததும் முதலில் கீழே பார்த்தார், இலை. மூன்று இலை ஒரே காம்பில். "ம், கித்தாதான்." எங்கள் பேச்சில் ரப்பருக்குக் கித்தா என்று பெயர். அப்புறம் அடிமரத்தைப் பார்த்தார். கண் ஒரு கோணத்தில் இறங்கியது, இடது மேலிருந்து வலது கீழாக. உளி இறங்கும் சாய்வு அது. பதிமூன்று வயதில் உளி பிடித்தவர். பட்டையை ஒரு காசு கனத்துக்கு மேல் சீவக் கூடாது, உள்ளே மரத்தில் பட்டால் புண் பிடித்து முண்டு கட்டும், மேற்பார்க்கும் மண்டோர் பார்த்தால் பிடித்துக்கொள்வார் என்று மகனுக்குச் சொன்னார். அவன் அறிவிப்புப் பலகையில் இருந்த ஆண்டைக் கணக்குப் போட்டு, "அப்பாயி, இது உங்கள விட 66 வயசு மூத்தது" என்றான்.

அப்பாயி மரத்தை மறுபடியும் பார்த்தார். "அப்ப இதுக்குப் பொறந்ததுங்களத்தான் நான் வெட்டுனேனா?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

கிளம்பலாம் என்று நான் சொன்னபோது அப்பாயி ஊன்றுகோலின் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். மகனைக் குனியச் சொல்லி ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். கித்தாக் கொட்டை. பழுப்பு நிறம், மேலே புள்ளிப் புள்ளியாகக் கோலம் போட்டது போல. இது கொட்டை வெடித்து விழும் பருவம். அவன் இதற்குமுன் பார்த்ததே இல்லை. தோட்டத்து ஊர்ப் பிள்ளைதான், ஆனால் அவன் பிறந்தபோது ஊரைச் சுற்றிச் செம்பனைதான்.

அப்பாயி சாலையோரத்துச் சிமெண்டுத் திண்டில் மெதுவாக உட்கார்ந்தார். கொட்டையைச் சிமெண்டில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வேகமாக. 82 வயதுக் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. மகன் என்ன செய்கிறார் என்று புரியாமல் பக்கத்தில் குனிந்து பார்த்தான். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, சிரித்தபடி இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். தம்பியும் நகர்ந்தான்.

"கைய நீட்டு."

நீட்டினான். சூடான கொட்டையை அவன் முன்கையில் வைத்து ஒரு அழுத்து. அலறிக்கொண்டு குதித்தான். அந்தச் சத்தத்தில் காடிக்குள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. கறுப்படித்த கட்டத்தில் இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது. அப்பாயி அடுத்த கொட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.